பனிச்சரிவு புரோப் வாங்குவது எப்படி: நீளம், பூட்டு, ஒத்திகை வரை முழுமையான வழிகாட்டி

புரோப்பை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்து, வளவில் நின்று விரித்துப் பார்த்தபோது அப்பத்தா கேட்டார்: "என்னப்பு, ஒட்டடைக் கம்பா? இம்புட்டு ஒல்லியா இருக்கு. மேல எட்டவும் எட்டாதே." கானாடுகாத்தான் வீடுகளில் உத்தரம் இருக்கும் உயரத்துக்கு 240 சென்டிமீட்டர் கம்பு எட்டாதுதான். பனிச்சரிவில் புதைந்த ஆளைத் தேடுகிற கம்பு இது என்று விளக்கினேன். "அப்படிப்பட்ட எடத்துக்கு எதுக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனாலும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போன நாடுகளில் ஸ்கீ கற்றுக்கொள்கிறார்கள். இங்கிருந்தே குளிர்காலத்தில் காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி என்று டிக்கெட் போடுகிறவர்களும் உண்டு. ரிசார்ட் பராமரிக்கும் பாதையிலேயே இறங்கினால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். அதை விட்டு வெளியே, யாரும் காவல் பார்க்காத சரிவில், அதாவது பேக்கன்ட்ரியில் இறங்குவதாக இருந்தால் ஒவ்வொருவர் முதுகுப்பையிலும் மூன்று சாமான் இருந்தாக வேண்டும்: டிரான்ஸீவர் (சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்கிற கருவி), புரோப், ஷவல் (பனி அள்ளும் மண்வாரி). இதில் டிரான்ஸீவருக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள். புரோப்பை மட்டும், "கம்புதானே" என்று கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

இது செய்கிற வேலை

அரிசி மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியால் ஒரு குத்துக் குத்தி உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்வார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். நம் டிரான்ஸீவர், புதைந்தவரின் டிரான்ஸீவரிலிருந்து 457 கிலோஹெர்ட்ஸில் வரும் சிக்னலைப் பிடித்து, அவருக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் விடும். அவ்வளவுதான் அதன் எல்லை. திரையில் காட்டும் தூர எண் ஒரு தோராயம். அதை மட்டும் நம்பித் தோண்ட ஆரம்பித்து அரை மீட்டர் தள்ளிப் போய்விட்டால், டன் கணக்கில் பனியை வீணாக அள்ள வேண்டிவரும். சரிந்து வந்து நின்ற பனி பஞ்சு மாதிரி இருக்காது, கொஞ்ச நேரத்திலேயே சிமெண்ட் கலவை மாதிரி இறுகிவிடும். ஆள் சரியாக எங்கே, எத்தனை ஆழத்தில் என்பதை உறுதியாகச் சொல்வது புரோப் மட்டும்தான்.

நேரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்விட்சர்லாந்தின் நாற்பது வருடத் தரவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வின்படி, முழுதாகப் புதைந்து முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்திருக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் பத்துக்கு மூன்று பேர்தான். 2023 பிப்ரவரி 1 அன்று குல்மார்க்கின் அபர்வத் சரிவில் நடந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் கையைவிட்டுப் போய்விடும். கூட வந்தவர்கள்தான் தேட வேண்டும், தோண்ட வேண்டும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: பையிலிருந்து எடுத்து முதல் குத்து விழும்வரை எத்தனை விநாடி ஆகிறது?

படி 1: நீளம்

கடைகளில் 200 சென்டிமீட்டரிலிருந்து 320 வரை கிடைக்கும். 200ஐ மறந்துவிடுங்கள். 240 என்பது குறைந்தபட்சம். என்னைக் கேட்டால் 270க்கும் 300க்கும் இடையில் ஒன்று வாங்குங்கள்.

"புதைகிறவர்களின் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தானே, எதற்கு மூன்று மீட்டர்?" என்று கேட்கலாம். சராசரி என்றால் அதைவிட ஆழத்தில் போனவர்களும் அதில் அடக்கம் என்பது ஒரு பதில். இன்னொரு பதில், கம்பைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். இரண்டு மீட்டர் ஆழம் குத்தும்போது 240 கம்பில் கைக்கு மிஞ்சுவது 40 சென்டிமீட்டர். ஒவ்வொரு குத்துக்கும் முழங்காலுக்குக் கீழே குனிந்து அழுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். பத்துக் குத்துக்குள் இடுப்புப் போய்விடும். நீளமான கம்பு என்றால் நின்றபடியே குத்தலாம். அப்பத்தா சொன்ன "எட்டாதே" எனக்கு அங்கேதான் உறைத்தது.

வழிகாட்டிகளும் மீட்புக் குழுவினரும் 300, 320 என்று எடுத்துப் போவார்கள். சாதாரணமாகப் போகிறவருக்கு 320 கட்டாயம் இல்லை. கம்பு நீளமாக ஆக, எடையும் வளைவும் கூடும்.

நீளத்தோடு சேர்த்து மடித்த அளவையும் பாருங்கள். ஆறு ஏழு துண்டுகளாக மடங்கும்போது ஒவ்வொரு துண்டும் 40 முதல் 45 சென்டிமீட்டர் வரை வரும். சிறிய பைக்குள் 45 நுழையாமல் மேலே துருத்திக்கொண்டு நிற்கலாம். வாங்குவதற்கு முன் உங்கள் பையின் உள்ளறையை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஸ்னோபோர்டர்கள் பலர் சிறிய பை வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இது முக்கியம்.

படி 2: அலுமினியமா, கார்பனா

கார்பன் ஃபைபர் இலேசு. 240 நீளத்தில் அலுமினியம் 250–300 கிராம் என்றால், கார்பன் 200 கிராமை ஒட்டி வரும். வித்தியாசம் ஒரு டம்ளர் காபிகூட இல்லை. அதற்காகக் கொடுக்கும் அதிகக் காசு கொஞ்சநஞ்சம் இல்லை.

காசைவிட எனக்கு உறுத்துவது விறைப்பு. இறுகிய பனியில் ஒல்லியான கம்பு உள்ளே போகும்போதே வளைந்து திசை மாறும். நாம் நேராகக் குத்தியதாக நினைத்துக்கொண்டிருப்போம், நுனி வேறு எங்கோ போயிருக்கும். ஆள் இருந்தும் "இங்கே இல்லை" என்று முடிவு செய்துவிட்டு நகர்ந்துவிடுவோம். தடிமன் 11 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. கார்பனிலும் தடியான, விறைப்பான கம்புகள் உண்டு. ஆனால் விளம்பரத்தில் "உலகிலேயே இலேசானது" என்று போட்டு விற்பவை பெரும்பாலும் ஒல்லிக் கம்புகள்தான். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது சரி.

இன்னொன்று: அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், வளையும், பார்த்தாலே தெரிந்துவிடும். கார்பனில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டு, அழுத்தும்போது முறியலாம். முதல் புரோப் வாங்குகிறவருக்கு என் பதில் அலுமினியம். மறுபேச்சு இல்லை.

படி 3: பூட்டு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

புரோப்பின் துண்டுகளுக்குள் ஒரு கயிறு ஓடும். கைப்பிடியை ஒரு கையில் பிடித்து மீதியை முன்னால் வீசி, கயிற்றை இழுத்தால், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நேராகும். அப்படியே நிற்கும்படி மேலே பூட்ட வேண்டும். பூட்டு பல விதம். சிலவற்றில் இழுத்த மாத்திரத்தில் தானே "கிளிக்" என்று மாட்டிக்கொள்ளும். சிலவற்றில் மறையை விரலால் திருகி இறுக்க வேண்டும். பழைய, மலிவான ரகங்களில் கயிற்றைப் பள்ளத்தில் செருகவோ முடிச்சுப் போடவோ வேண்டும்.

என் முதல் புரோப் திருகு ரகம். இங்கே வளவில், முப்பத்தைந்து டிகிரி வெயிலில், அழகாகத் திருகியது. குல்மார்க்கில் முதல் நாள் ஒத்திகையில் தடிக் கையுறையோடு அந்தச் சின்ன மறையைப் பிடிக்கவே முடியவில்லை. கையுறையைக் கழற்றினேன். அரை நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. எப்படியோ அரைகுறையாகத் திருகிக் குத்தினேன். வெளியே இழுக்கும்போது மூட்டு கழன்று, கீழ்த் துண்டுகள் பனிக்குள்ளேயே கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றன. நல்லவேளை, உள்ளே இருந்தது பழைய துணி அடைத்த ஒரு பை. ஆளாக இருந்திருந்தால்? அந்தக் கம்பை அதன்பிறகு மலைக்குக் கொண்டுபோகவில்லை. இப்போது நுனியில் தென்னந்துடைப்பம் கட்டி, அப்பத்தா சொன்ன வேலையையே செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே இழுத்ததும் தானே மாட்டும் பூட்டையே வாங்குங்கள். பார்க்க வேண்டியவை: தடிக் கையுறையோடு இழுக்கும் அளவுக்குப் பெரிய கைப்பிடி இருக்கிறதா? ஒரே இழுப்பில் மாட்டுகிறதா, இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டுமா? விடுவிக்கும் பொத்தான் பனியில் தேய்ந்தாலும் தானே திறந்துகொள்ளாத இடத்தில் இருக்கிறதா? கயிறு நாளாவட்டத்தில் தளரும், அப்போது இழுவிசையை மறுபடி கூட்டிக்கொள்ள வழி இருக்கிறதா?

கயிற்றிலும் ரகம் உண்டு. எஃகு வடம் நீளாது, ஆனால் எடை அதிகம், மடிப்பு விழுந்தால் இழை பிரியும். டைனீமா போன்ற செயற்கை இழைக் கயிறு இலேசு, மடிக்கவும் எளிது. இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. பூட்டு சரியாக இருந்தால் கயிற்றைப் பற்றி ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 4: நுனி, அளவுக்கோடு, பிடி

நுனி, கம்பைவிடச் சற்றே பருத்திருக்க வேண்டும். அது போட்ட துளையில் பின்னால் வரும் கம்பு உரசாமல் இறங்கும். அளவுக்கோடுகள் சென்டிமீட்டரில், அழியாதபடி பொறித்ததாக இருக்கட்டும். ஒட்டுத்தாள் எண்கள் இரண்டே சீசனில் உரிந்துவிடும். ஆள் தட்டுப்பட்டதும் ஆழத்தைப் படித்து எங்கிருந்து தோண்டுவது என்று முடிவெடுக்க அவைதான் உதவும். பனிக்குழி வெட்டி அடுக்குகளைச் சோதிக்கிறவர்களுக்கும் இதே கோடுகள்தான் அளவுகோல்.

மேல்துண்டில் சொரசொரப்பான பிடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறையில்லை.

படி 5: வாங்கக் கூடாதவை

இரண்டு ஸ்கீ கம்புகளை இணைத்தால் புரோப் ஆகும் என்று விற்பார்கள். வேண்டாம். அவசரத்தில் கம்பு நுனியிலுள்ள வளையத்தைக் கழற்றி, இணைத்து, திருகுவதற்குள் நேரம் போய்விடும். நீளமும் போதாது. ஷவலும் புரோப்பும் சேர்ந்த மலிவு செட்டுகளில் பெரும்பாலும் 200 கம்பைத் தள்ளிவிடுவார்கள், நீளத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பீப்ஸ் நிறுவனம் ஐப்ரோப் என்று ஒன்று கொண்டுவந்தது. நுனியில் ரிசீவர் இருக்கும், புதைந்தவரின் டிரான்ஸீவரை நெருங்கினால் ஒலி எழுப்பும். கெட்டிக்காரத்தனமான யோசனை, பலர் ஒன்றாகப் புதைந்த இடத்தில் உதவும். ஆனால் பேட்டரி போட்டுப் பராமரிக்க வேண்டிய சாமான் பையில் இன்னொன்று கூடுகிறது. முதல் புரோப்புக்கு எளிமையானதே போதும்.

பிளாக் டைமண்ட், பிசிஏ, மம்முட், ஆர்டோவாக்ஸ், பீப்ஸ், ஆர்வா எல்லாரும் புரோப் செய்கிறார்கள். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறுவனத்திலேயே நல்ல பூட்டும் சுமாரான பூட்டும் இருக்கும். காரைக்குடியில் இதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கடை கிடையாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் அடுத்த படியை முடித்துவிடுங்கள்.

படி 6: வீட்டுச் சோதனை

பார்சலைப் பிரித்ததும் முற்றத்தில் நின்று இருபது தடவை விரித்து மடக்குங்கள். வெளியில் மண் தரையாக இருந்தால் இன்னும் நல்லது. நான் வீசிய வேகத்தில் நுனி பட்டு ஆத்தங்குடிக் கல் ஒன்றில் சில்லு பெயர்ந்து, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அடுத்து குளிர்ச் சோதனை. இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது. மடித்த புரோப்பைத் தண்ணீரில் நனைத்து, தெரிந்த ஐஸ்கிரீம் கடையின் டீப் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. காலையில் எடுத்தவுடன், ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி மரத்த விரல்களோடு, மேலே கையுறை போட்டு விரியுங்கள். மூட்டுகள் முழுதாகச் செருகிக்கொள்கின்றனவா? பூட்டு மாட்டுகிறதா? என் இரண்டாவது கம்பு இதில் தேறியது. நண்பர் ஒருவர் வாங்கியது தேறவில்லை, அன்றே திருப்பி அனுப்பினார்.

பையோடு சேர்த்தும் சோதியுங்கள். பையை முதுகில் மாட்டி, மூடி, நண்பரிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள். இறக்கி, திறந்து, எடுத்து, விரித்து, பூட்ட 20 விநாடிக்குள் வர வேண்டும் என்பது எங்கள் குழுவின் கணக்கு. முதல் நாள் எனக்கு 50 ஆனது. காரணம் புரோப் இல்லை, அதன் உறை. உறையின் வாயைச் சுருக்குக் கயிறு போட்டு இறுக்கியிருந்தேன். ஒரே இழுப்பில் கழலும் உறை நல்லது. அது இல்லையென்றால் பையின் தனி அறையில் உறையில்லாமலே வைத்துவிடலாம்.

படி 7: உமிக்குவியலில் ஒத்திகை

செட்டிநாட்டில் பனிக்கு எங்கே போவது? ஆற்றுமணலில் குத்திப் பார்த்தேன், ஒரு முழம்கூட இறங்கவில்லை. அப்புறம்தான் அரிசி ஆலை உமி ஞாபகம் வந்தது. ஆலைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, குவியலின் ஓரத்தில், ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் இல்லாத இடத்தில் பழகுங்கள். மேலே ஏறாதீர்கள், உமி காலை உள்ளே இழுக்கும். உமிச்சாம்பல் குவியல் பக்கமே போக வேண்டாம், மேலே ஆறியிருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நண்பர் மூன்று சாமான் ஒளித்து வைக்கட்டும்: பழைய துணியும் ரப்பர்ச் செருப்பும் திணித்த சாக்கு, ஒரு கருங்கல், ஒரு பலகை. நீங்கள் குத்திப் பார்த்து எது எது என்று சொல்ல வேண்டும். கல் "டக்"கென்று திருப்பி அடிக்கும். பலகை மந்தமாகத் தட்டும். சாக்கு கொஞ்சம் உள்வாங்கிவிட்டு நிறுத்தும். மனித உடம்பும் அப்படித்தான், மெத்தென்று தடுக்கும். பனியில் இன்னொரு ஏமாற்றும் உண்டு: ஐஸ் படலம். கெட்டியாகத் தடுத்துவிட்டு, அழுத்தினால் பட்டென்று விட்டுக்கொடுக்கும்.

படி 8: மலையில் குத்தும் முறை

டிரான்ஸீவரைப் பனியை ஒட்டிப் பிடித்து, மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே முதல் குத்து. பிறகு 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கோலத்தில் சுழி போடுவது மாதிரி, சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும்.

கம்பு பனியின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், வானத்துக்கு நேராக இல்லை. சரிவில் நிற்கும்போது இரண்டும் வேறு வேறு. புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். ஒரு கை பனியை ஒட்டிக் கம்பை வழிநடத்தட்டும், மறு கை மேலிருந்து அழுத்தட்டும். கையுறையைக் கழற்ற வேண்டாம். வெறும் கைச் சூட்டில் பனி உருகி, கம்பிலேயே ஐஸாகப் படிந்துவிடும்.

ஆள் தட்டுப்பட்டால் கம்பைப் பிடுங்காதீர்கள், அப்படியே நிற்கட்டும். ஆழத்தைப் படியுங்கள். கம்பைச் சுற்றி நின்று நேர் கீழே தோண்டக் கூடாது, புதைந்தவருக்கு இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றிடமும் அழுந்திவிடும். சரிவின் கீழ்ப்பக்கம், ஆழத்தைப்போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, கம்பை நோக்கிப் பக்கவாட்டில் தோண்டிப் போக வேண்டும்.

இதை எழுத்தில் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். குல்மார்க்கிலேயே மத்திய அரசின் ஸ்கீ, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. போகும் நாளில் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் உள்ள டிஜிஆர்இ ஆய்வகம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை மோசமாக இருந்தால் அறையிலேயே இருந்து காஷ்மீர் டீயான கஹ்வா குடிக்கலாம்.

படி 9: பராமரிப்பு

சாயங்காலம் அறைக்கு வந்ததும் புரோப்பை உறையிலிருந்து எடுத்துத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மூட்டுக்குள் தங்கும் ஈரம்தான் மறுநாள் ஐஸாகி, செருகவிடாமல் செய்யும். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடக் கூடாது, குளிரில் அது பிசினாகிவிடும்.

ஊருக்கு வந்தபின் பத்து மாதம் அது சும்மா கிடக்கப் போகிறது. பூட்டை விடுவித்து, கயிறு இறுகாத நிலையில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். நான் இரண்டாம் கட்டு அலமாரியில் வைத்திருந்தேன். எலி கடிக்குமோ என்று கவலைப்பட்டு இப்போது தகரப் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். கார்த்திகை பிறந்ததும் வெளியே எடுத்து, கயிற்றை முழு நீளத்துக்கும் விரலால் உருவிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது நார் பிரிந்திருந்தால், மூட்டு ஓரங்களில் நசுங்கல் இருந்தால், மாற்றிவிடுங்கள். விமானத்தில் போகும்போது செக்-இன் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் வைத்தால் மதுரையிலேயே நிறுத்தி வைத்து, இது என்ன கம்பு என்று கேட்பார்கள்.